மலைக்காட்டுப் பாதைக்கு ஏற்ற சிறிய நான்கு சக்கர இழுப்பு வண்டி

கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் மலை ரோடு தமிழ்நாடெங்கும் பிரசித்தி பெற்றது. மலையைப் பார்க்க வருவோர் இவ்வளைவுகளையே பெருஞ் சிரமமாக எண்ணிப் பேசுவது வழக்கம். ஆனால் மலைமேல் நிலம் வைத்துப் பயிரிடும் குடியானவருக்குச் சிரமம் அங்கே இல்லை. வளைவுகள் எத்தனை இருந்தபோதிலும், நல்ல ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ரோடு முடிந்து, காட்டுக்கும் களத்துக்கும் செல்லும் மண்பாதை தொடங்கும் இடத்தில்தான் அவருடைய சிரமமும் தொடங்குகிறது. அந்தக் கடைசி ஒன்றிரண்டு மைல் தூரத்துக்கு ஏற்ற வண்டி எது, அதை வாங்குவதால் லாபம் அடைபவர் யார், நஷ்டப்படுபவர் யார் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

அரியூர் நாடு என்பது கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுள் ஒன்று. இந்த மலை முன்பு சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1997-ல் நாமக்கல் ஜில்லா பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்துகிடக்கும் இப்பூமியில் மலையாளி என்னும் பெயருடைய மலைவாழ் குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்து வருகிறார்கள். பள்ளத்தில் நெல்வயல், அதற்கு மேல் ஏர் ஓட்டும் காடு, அதற்கும் மேல், ஏர் நிற்காத சரிவில், மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் நிலம். வீடுகள் ஒரிடத்திலும் நிலங்கள் வேறிடங்களிலுமாக இருப்பதால், ஒருவருடைய சாகுபடி முழுவதும் ரோட்டோரத்திலேயே அமைவது அபூர்வம்.

பழைய காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் ஏற்பட்டதில்லை. அக்காலத்தில் மலையில் பிரதானமாக விளைந்தவை சாமை, கேழ்வரகு, தினை முதலிய தானியங்கள். அவை வீட்டுச் சாப்பாட்டுக்கே பெரும்பாலும் செலவாயின. விற்பதானாலும் அவசரமில்லை, நன்றாக உலர்த்திய சாமை ஆண்டுக் கணக்கில் கெடாது, வேண்டும்போது வேண்டிய அளவை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து செல்லலாம். சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்நிலை மாறிற்று. சேலம், நாமக்கல் பிரதேசத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையெங்கும் பரவிற்று. சிறுதானியங்களின் பரப்புச் சுருங்கிற்று. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற முயன்று வருவதற்குக் காரணமும் இம்மாறுதலே. மரவள்ளியின் குணம் சாமையின் குணத்துக்கு நேர்மாறானது. கனம் அதிகம், கிலோவுக்குக் கிடைக்கும் விலை குறைவு, பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் கிழங்கினுள் நீலக் கோடு ஓடிக் கெடத் தொடங்கும். அன்னாசி, வாழை, பலா ஆகியவையும் காத்திருக்கும் சரக்குகள் அல்ல. ஆகவே வண்டியின் தேவை பயிரிலிருந்து பிறந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் வண்டி வராத காட்டின் சரக்கை வியாபாரி காட்டிலேயே குறைந்த விலைக்குக் கேட்பதும், விவசாயி வேறு வழியின்றிக் கொடுப்பதும் இதனால் நேர்வனவே.

வண்டியின் விஷயத்துக்குப் போகுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்குவது அவசியம். நான்கு சக்கரம் உள்ள வண்டி வேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேறு. சாதாரண காரிலும் வானிலும் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது; மற்ற இரண்டும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா உருளுபவை. ‘போர் வீல்’ என்று டிரைவர்கள் சொல்லும் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தி செல்லும்படி ஏற்பாடு இருக்கும். வெளித் தோற்றத்தைக் கண்டு ஏமாறுவது எளிது. மகீந்திரா கம்பெனியின் ‘தார்’ என்னும் வண்டி இதற்கு உதாரணம். (பெயர் பாலைவனத்தினுடையது, ரோட்டுத் தாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அது 2023 ஜனவரி முதல் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வகையாகவும் விற்பனைக்கு வந்தது. இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பினும், சேற்றில் இறங்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இவ்வகைச் சிறு வண்டிகளுக்கெல்லாம் மூலம் இரண்டாவது உலக யுத்தத்தில் தோன்றிய ஜீப். 1940-ல் அமெரிக்க ராணுவம், பாதையற்ற இடங்களில் ஆட்களையும் சிறு சாமான்களையும் ஏற்றிச்செல்ல ஒரு லேசான வண்டியை வேண்டி மோட்டார் கம்பெனிகளுக்கு எழுதிற்று. வண்டியின் எடை 1,300 பவுண்டுக்கு மேற்படக்கூடாது என்பது முதலில் விதித்த நிபந்தனை. அது சாத்தியமல்ல என்று பின்னர் தெரிந்து வரம்பு உயர்த்தப்பட்டதாயினும், லேசாக இருக்கவேண்டும் என்ற மூலக் கருத்து மாறவில்லை. பாண்டம் என்ற சிறு கம்பெனி 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரி வண்டியைச் செய்து அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்படைத்தது. பிறகு வில்லீஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு அதிகமான வண்டிகளைச் செய்து குவித்தன. யுத்தம் முடிந்ததும் அதே வண்டியை விவசாயிகளுக்கு விற்கலாம் என்று வில்லீஸ் கம்பெனி எண்ணி, 1945-ல் பொதுஜன ஜீப்பை வெளியிட்டது. உழவும் உழலாம், அறுவை யந்திரமும் ஓட்டலாம், சந்தைக்கும் போகலாம் என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் பழைய யுத்த ஜீப் ஒன்றை வைத்திருந்த அனுபவத்திலிருந்து லாண்ட் ரோவர் பிறந்து, 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. இந்தியாவில் 1945-ல் தோன்றிய கம்பெனி, 1948-ல் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று பெயர் மாறியது. 1947 முதல் வில்லீஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டத் தொடங்கிற்று. எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் மலைநாட்டார் அதை ஜீப் என்றே அழைக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

உழவு வேலையைப் பொறுத்தவரை விளம்பரம் பலிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். ஏர் இழுக்க மெதுவான வேகமும் கனமும் பெரிய சக்கரமும் தேவை. லேசான ஜீப்புக்கு அவை இல்லை. படிப்படியாகக் கல்கட்டு அமைந்த சிறு வயல்களில் அது திரும்பவும் முடியாது. அவ்வேலைக்கு மாட்டு ஏரும் பவர் டில்லருமே தக்கவை. ஜீப் நிலைத்து நின்றது வேறொரு வேலையில்: ஆளையும் சாமானையும் பாதையற்ற இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதில். போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொழுக்குமலையை இதற்குச் சான்றாகக் கூறலாம். அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி ஜில்லாவைச் சேர்ந்ததாயினும், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான கல்பாதையில் ஜீப்பின் மூலமாகத்தான் வண்டிப் போக்குவரத்து நடக்கிறது.

ஜீப்பையும்விடச் சிறிய வண்டி ஜப்பானில் தோன்றியது. அங்கே எஞ்சினும் நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்கு வரிச் சலுகை உண்டு. ஹோப் என்ற சிறு கம்பெனி அச்சட்டத்துக்கு உட்பட்டுச் செய்த மலை வண்டியின் உரிமையைச் சுசுகி கம்பெனி வாங்கி, 1970-ல் ஜிம்னி என்ற பெயரால் வெளியிட்டது. அதன் எஞ்சின் 359 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் அளவு. நீளம் 3 மீட்டருக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக உபரிச் சக்கரத்தை வண்டிக்கு உள்ளேயே வைத்தார்கள். அவ்வம்சத்தில் வந்ததே நம் நாட்டில் 1985 டிசம்பரில் வெளியான மாருதி ஜிப்ஸி. முதலில் அதற்கு இருந்தது 970 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். ராணுவத்தாரும் போலீஸாரும் வனத்துறையினரும் அதை விரும்பி வாங்கினார்கள். பொதுமக்களுக்கு அதன் விற்பனை 2019-ல் நின்றது. அதன் வாரிசாக ஐந்து கதவுள்ள ஜிம்னி 2023 ஜூன் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது மிகக் குறைந்த வகையின் கடை விலை ரூ. 12,74,000. எஞ்சின் 1,462 கன சென்டிமீட்டர். வண்டியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோ. அகலம் 1,645 மில்லிமீட்டர். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 210 மில்லிமீட்டர்.

நான்கு சக்கரமும் இழுப்பதால் உண்டாகும் அனுகூலத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். சாமானோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று நனைந்த செம்மண்ணில் நிற்கிறது எனக் கொள்க. ஈரமண் சக்கரத்துக்குக் கொடுக்கும் பிடிப்பு, அந்தச் சக்கரத்தின்மேல் உள்ள பாரத்தில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கரமும் இழுத்தால் முழுப் பாரமும் பிடிப்புக்கு உதவுகிறது. கிடைக்கும் இழுப்பு 450 கிலோ. இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால் பாதிப் பாரமே உதவுகிறது. கிடைப்பது 225 கிலோ. சேறு வண்டியைப் பின்னுக்குப் பிடிப்பது எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ. இதைக் கழித்தால் ஒன்றுக்கு மிஞ்சுவது 300; மற்றதற்கு 75. மேட்டில் ஏறுவதற்கு இந்த மிச்சம்தான் உதவும். 5 அடிக்கு 1 அடி உயரும் மேட்டை முதல் வண்டி ஏறும். இரண்டாவது வண்டி 20 அடிக்கு 1 அடி உயரும் சாய்விலேயே நின்றுவிடும். சக்கரத்தின் இழுப்பு இரண்டு மடங்காக, ஏறும் திறன் நான்கு மடங்காயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த தரையில் இவ்வளவு வித்தியாசம் இராது. கோடையில் சாதாரண வண்டி சிரமமின்றிப் போய்வந்த அதே பாதையில் ஐப்பசியில் அது அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே.

எஞ்சினின் குதிரைச் சக்தியைப் பற்றி விற்பவர்கள் மிகுதியாகப் பேசுவதுண்டு. மலைப் பாதைக்கு அதைவிட முக்கியமானது ‘லோ’ எனப்படும் தாழ்ந்த கியர். சரியான நான்கு சக்கர இழுப்பு வண்டியில் வழக்கமான கியர்ப் பெட்டியை அடுத்து இன்னொரு சிறு பெட்டி உண்டு. முன் அச்சுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது அதன் ஒரு வேலை. சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து இழுப்பை வண்டிக்கேற்ப ஒன்றரை முதல் இரண்டரை மடங்குவரை பெருக்குவது மற்றொரு வேலை. லோவில் போட்ட வண்டி உழவு மாட்டைப்போல நிதானமாகக் காலெடுத்து வைத்து ஏறும். வேகமாகப் பாய்ந்து மேட்டைத் தாண்ட நினைப்பவர்தான் கல்லில் அடிபாகத்தை இடித்து எண்ணெய்த் தொட்டியை உடைத்துக்கொள்கிறார். இறக்கத்திலோ லோவின் பயன் இதைவிட அதிகம். பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியைப் பிடித்து இறக்கும். இப்போது விற்கும் நகர்ப்புறப் பெருங்கார்கள் சிலவற்றில் நான்கு சக்கர இழுப்பு இருந்தும் லோ கியர் இல்லை. அவை ஈரமான ரோட்டுக்குப் போதும், காட்டுக்குப் போதா.

நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று சொன்னாலும் அதில் ஒரு குறை உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டியிருப்பதால், ஒவ்வொரு அச்சின் நடுவிலும் டிப்ரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. இதன் துர்க்குணம் யாதெனில், ஒரு சக்கரம் பிடிப்பிழந்து சுழலத் தொடங்கினால், அதே அச்சிலுள்ள மற்றச் சக்கரத்துக்கும் இழுப்பு அற்றுப்போகும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பள்ளத்தில் தொங்கினால் வண்டி சும்மா சுழன்றுகொண்டு நிற்கும். பழைய ஜீப்களிலும் ஜிப்ஸியிலும் இதற்கு டிரைவரின் சாமர்த்தியமே பரிகாரம். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தி, மற்றதற்கு இழுப்பைத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. தார் வண்டியின் சில வகைகளில் பின் டிப்ரன்ஷியலையே பூட்டிவிடும் அமைப்பு உண்டு. வாங்குபவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சிறிய வண்டியின் சிறப்பு மலைக்காட்டில் நன்கு விளங்கும். கட்டை வண்டிக்கும் நடைக்குமாக ஏற்பட்ட பாதை அகலமாக இராது. ஒருபுறம் மேட்டுக் கரை, மறுபுறம் கல்கட்டு. அகலம் ஒரு சாண் கூடினாலும் கல்கட்டின் விளிம்பில் சக்கரம் ஏறும்; விளிம்பு சரிந்தால் கீழ்வயலுக்கும் சேதம், வண்டிக்கும் சேதம். ஜிம்னியைவிடத் தார் 175 மில்லிமீட்டர் அகலம் அதிகம். லேசான வண்டி சேற்றில் குறைவாகவே அழுந்தும். அழுந்தினாலும் நாலைந்து ஆட்கள் சேர்ந்து தள்ளி மீட்கலாம். இரண்டு டன் வண்டியை மீட்க வேறொரு வண்டிதான் வரவேண்டும்.

இனி, வாங்க நினைப்போர் பெரும்பாலும் கணக்கிடாமல் விட்டுவிடும் விஷயத்துக்கு வருவோம். அது சுமை. ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 340 கிலோ. டிரைவரும் கூட ஓர் ஆளும் ஏறினால் சாமானுக்கு 200 கிலோ மிஞ்சும். அதாவது 50 கிலோ மூட்டை நான்கு. ஓர் ஏக்கர் மரவள்ளி 8 டன் காணுமென்று வைத்துக்கொண்டால், அதை ரோட்டுக்குச் சேர்க்க 40 நடை வேண்டும். இரண்டு நாளில் கெடும் கிழங்கை 40 நடையில் ஏற்றுவது நடக்கிற காரியமல்ல. பெட்ரோல் செலவுக்கும் கட்டாது. ஆகவே மரவள்ளிக்காக இவ்வண்டியை வாங்குவது தவறு. அதற்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு டன் ஏற்றக்கூடிய நான்கு சக்கர இழுப்புப் பிக்கப் வண்டியோ, டிரெய்லரோடு கூடிய டிராக்டரோ ஆகும். டிராக்டர் சரிவில் கவிழும் சுபாவமுடையது என்பதை மறக்கலாகாது.

மிளகும் காப்பியும் வைத்திருப்பவரின் நிலை வேறு. உலர்ந்த மிளகு நான்கு மூட்டை ஒரு நடையில் போனால், அந்த நடையின் மதிப்பு மரவள்ளி ஒரு லாரியின் மதிப்பையும் மிஞ்சக்கூடும். ஆயினும் அவருக்கும் ஆண்டில் சில நடைகளே தேவை. அதற்காக மட்டும் 12 லட்சம் முடக்குவது புத்திசாலித்தனமாகாது. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்கும் இடத்துக்குச் சேர்ப்பது, உரத்தையும் நாற்றையும் காட்டுக்குக் கொண்டுபோவது, அன்னாசியைத் தரம் பிரித்துக் கூடை கூடையாகச் சந்தைக்கு எடுத்துச்செல்வது, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவிடுவது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பது ஆகிய பல வேலைகளும் சேர்ந்தால்தான் வண்டி தன் விலைக்கு உழைக்கும். கடைசியாகச் சொன்னது அற்பமானதல்ல. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தொடங்கியபின் ரோட்டோரக் கிராமங்களுக்குப் பெரிய நன்மை உண்டாயிற்று. ஆனால் ரோடு முடியும் இடத்திலிருந்து வீடு வரையுள்ள தூரத்தில், பிரசவ வேதனைப்படும் ஸ்திரீயைத் தூளி கட்டித் தோளில் சுமந்து வரும் நிலை மலைக் கிராமங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நான்கைந்து குடும்பங்கள் கூட்டாகவோ, உற்பத்தியாளர் சங்கத்தின் பேரிலோ ஒரு வண்டி வைத்துக்கொள்வதே அரியூர் நாடு போன்ற இடங்களுக்குப் பொருத்தம். தனி ஒருவர் கடன் வாங்கி வாங்கினால், தவணைக்காகவே அதைச் சுற்றுலா வாடகைக்கு விட்டு, அறுவடைக் காலத்தில் தமக்கே வண்டியில்லாமல் தவிக்க நேரும். அரசின் விவசாய யந்திர மானியம் பவர் டில்லர், டிராக்டர் போன்ற கருவிகளுக்கானது. அதை நம்பிக் கார் வகைகளை வாங்கக் கணக்குப் போடவேண்டாம்.

வாடகை விஷயத்தில் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியைக் கூலிக்கு ஓட்டுவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்துக்கு விரோதம். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ தவிர மற்றவரைப் பிரயாணிகளாக ஏற்றினால், விபத்து நேரும்போது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காமல் மறுக்க இடமுண்டு. அப்போது நஷ்டஈடு முழுவதும் வண்டிக்காரரின் நிலத்தின்மேல் வந்து விழும். கோயில் விசேஷ நாட்களில் பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே 20 பேர் மலையேறும் வழக்கத்தின் அபாயம் உயிரோடு முடிவதில்லை. குடும்பச் சொத்தையும் கொண்டுபோகும்.

ஓட்டும் முறையில் இரண்டு தவறுகள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. ஒன்று, மலை ரோடாயிற்றே என்று காரவள்ளியிலேயே நான்கு சக்கர இழுப்பைப் போட்டுக்கொண்டு 70 வளைவும் ஏறுவது. ஜிப்ஸி, ஜிம்னி, பழைய ஜீப் ஆகியவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி இதைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த கெட்டி ரோட்டில் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரங்களும் அச்சும் முறுக்கேறி, ஸ்டீரிங் கனத்து, முடிவில் ஏதேனும் ஒரு பாகம் உடையும். ஆகவே உலர்ந்த ரோட்டில் இரண்டு சக்கர இழுப்பே போதும். மண்பாதை தொடங்குமிடத்தில் நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம். சேற்றில் அகப்பட்ட பிறகு மாற்றுவதைவிட, சேற்றுக்கு முன்பே மாற்றுவது நலம்.

மற்றொன்று இறக்கத்தில் செய்யப்படுவது, உயிருக்கே ஆபத்தானது. எண்ணெய் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் வண்டியை விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறி, பத்துப் பதினைந்து வளைவுக்குள் பிடிப்பை இழக்கும். காய்ந்த வாடை அதன் முன்னறிவிப்பு. எந்தக் கியரில் ஏறவேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கவேண்டும் என்ற பழைய லாரிக்காரர் விதியை எவ்வளவு புது வண்டியானாலும் மீறக்கூடாது. உண்மையில் நியூட்ரலில் எண்ணெய் மிச்சமாவதுமில்லை. இக்கால எஞ்சின்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது எண்ணெய் பாய்வது தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகிறது.

டயரைப் பொறுத்தமட்டில், நகரத்துக்கான வழவழப்பான டயரோடு சேற்றில் இறங்கினால் நான்கு சக்கர இழுப்பும் வீணாகும். ஆழமான பள்ளங்களும் அகன்ற இடைவெளிகளும் உள்ள டயரே மண்ணைக் கவ்வி, பின் உதறும். மிக இளகிய இடத்தில் காற்றைச் சிறிது குறைத்தால் டயர் அகன்று படிந்து பிடிப்புக் கூடும். ஆனால் ரோட்டை அடைந்ததும் மறுபடி காற்றடிக்காமல் வளைவுகளில் இறங்குவது கூடாது. கைப்பம்பு ஒன்று, பலமான கயிறு, மண்வெட்டி, ஓர் அடி அகலப் பலகை இரண்டு ஆகிய இவை எப்போதும் வண்டியில் இருக்கவேண்டும்.

வண்டியைவிடப் பாதையே முக்கியம் என்பதைக் கூட்டாக வண்டி வாங்குவோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நான்கு சக்கர இழுப்பு வண்டி எவ்விதச் சேற்றிலும் போகும் என்ற தைரியத்தில் மழைநாளில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், சக்கரத்தடம் இரண்டும் வாய்க்காலாகும். அடுத்த மழையில் அவ்வாய்க்கால் ஓடையாகி, மேல்காட்டு மண்ணைக் கீழே இழுத்துச் சென்றுவிடும். சரிவு நிலத்தில் ஒருமுறை இழந்த மேல்மண்ணை எந்த உரமும் திருப்பித் தராது. மழைக்கு முன்பே, பாதைக்குக் குறுக்காகச் சாய்வாக, சிறு கல் வரிசைகளை 20, 30 அடிக்கு ஒன்றாகப் பதித்து, ஜலத்தைப் பக்கவாட்டுக்குத் திருப்பவேண்டும். சரிவு அதிகமானால் இடைவெளியைக் குறைக்கவேண்டும். சேறாகும் பள்ளங்களில் மண்ணைக் கொட்டுவது வீண்வேலை. பெருங்கல்லை அடியில் அடுக்கி, சிறுகல்லை மேலே நிரப்புவதே நிலைக்கும். பெருமழை பெய்த மறுநாள் முழுவதும் வண்டியை நிறுத்திவைப்பது என்று கூட்டாளிகள் விதி செய்துகொண்டால் பாதி மராமத்து மிச்சப்படும்.

புதிதாகப் பாதை வெட்டுவதற்கு முன் நிலம் யாருடையது என்று பார்ப்பது அவசியம். கொல்லிமலையில் பட்டா நிலத்தை ஒட்டியே ரிசர்வ் காடு பல இடங்களில் இருக்கிறது. காட்டு நிலத்தில் அனுமதியின்றி மண்வெட்டி போட்டால் வழக்கு வரும். ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3(2)-வது பிரிவு, அரசாங்கம் நிர்வகிக்கும் ரோடு, பள்ளி, ஆஸ்பத்திரி முதலிய சில பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபையின் சிபாரிசு இருக்கவேண்டும். 3 மீட்டர் அகலப் பாதையானால், 1 ஹெக்டேர் என்பது 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு வரும். குக்கிராமங்கள் பலவற்றின் தேவை இதற்குள் அடங்கிவிடக்கூடும். ஆகவே, வண்டி வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன்பாகவே, கிராம சபையில் பாதைக்கான தீர்மானத்தை நிறைவேற்றி, உத்தேசப் பாதையின் படத்தோடு அனுப்பிவைப்பது ஊராட்சித் தலைவரின் வேலையாகும்.

புது வண்டிக்குப் பணம் போதாதவர்கள் பழைய ஜிப்ஸியையோ ஜீப்பையோ தேடுவது இயல்பு. பழைய வண்டியை மலைமேலிருந்து ஓட்டிப் பார்த்தே விலை பேசவேண்டும். சமவெளி ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகவே ஓடும். தளர்ந்த ஈர மண்ணில் நிறுத்தி, நான்கு சக்கர இழுப்பைப் போட்டு, முன் சக்கரம் உண்மையில் சுற்றுகிறதா என்று கீழே ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கவேண்டும். பல வருஷம் ரோட்டில் மட்டும் ஓடிய வண்டியில் அந்த லிவர் துருப்பிடித்து இறுகியிருப்பதுண்டு. லோ கியரில் ஏறும்போது அது தானாகக் கழன்று வெளியே குதித்தால் பெட்டியின் உட்பாகம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், துருவேறிய இடம் மந்தமான சப்தம் கொடுக்கும். பின் அச்சுக்குச் சமீபத்தில் ஒட்டுப் போட்ட சட்டமானால் விலை குறைவென்று மயங்காமல் விட்டுவிட வேண்டியதுதான். பதிவு செய்து 15 வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு மறுபதிவு செய்யவேண்டியிருப்பதால், அந்தச் செலவையும், தகுதிச் சோதனையில் தேறுமா என்பதையும் விசாரித்தபின் முன்பணம் கொடுப்பது நல்லது.